கத்தரி படாத தலை

வெயில் காலத்தில் கூந்தலைக் காப்பாற்றுவது எப்படி என்று ஒரு வீடியோ நேற்று என் போனுக்கு வந்தது. அனுப்பியவள் ஐந்தாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்த தோழி. அதில் பேசுகிற பெண் சின்ன வயதுக்காரி. நிறையத் தண்ணீர் குடியுங்கள், மத்தியான வெயிலில் வெளியே போகாதீர்கள், சுடுதண்ணீரில் தலை குளிக்காதீர்கள் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போகிறாள். கட்டிலில் சாய்ந்தபடி கடைசிவரை பார்த்தேன். மத்தியான வெயிலில் வெளியே போகாமல் தேயிலைக் கொழுந்து எடுப்பது எப்படி என்று மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அறுபதைத் தாண்டிய எனக்கு இனி அதனால் என்ன ஆகப்போகிறது?

நம் வயதுக்காரர்களுக்கு நம் மலைநாட்டு வெயில் காலத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பொங்கல் முடிந்ததும் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி கொட்டிக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் அதே இடத்தில் வெயில் தோலை உரிக்கும். உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும், முடி வைக்கோலாகிவிடும். ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயத்துக்கு மேலே, மலை ஊற்றுக் குழாயான பீலியில் தண்ணீர் நூல் மாதிரி இறங்கும். ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு சண்டை முடிந்துவிடும். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து வெள்ளைக் கட்டியாக இருக்கும். எங்கள் வீட்டில் அது சப்பையான சாராயப் போத்தல், அப்பா காலி செய்து கொடுத்தது. மூடி தொலைந்து, துணி சுருட்டி அடைத்திருப்போம். அம்மா அதை அடுப்போரத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் ஈர்க்குச்சி விட்டுச் சுரண்டுவாள். அந்தப் போத்தல் எப்போது, எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. வீடு மாறும்போது யாரும் அதைத் தூக்கிவர நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த மாதங்களில் செடி துளிர்க்காது. கொழுந்து இல்லையென்றால் வேலையும் இல்லை. கிழமையில் பாதி நாள்தான் மலைக்குப் போகச் சொல்வார்கள். மீதி நாளெல்லாம் அம்மா வீட்டில் இருப்பாள். அடுப்பு ஒரு வேளை குறைவாக எரிந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பகலில் அம்மா வீட்டில் இருக்கிறாள், அதுதான் எனக்குத் திருவிழா. எனக்குச் சந்தோஷமாக இருந்த காலமெல்லாம் அவளுக்குக் கையில் வேலை இல்லாத காலம். இதை இப்போது நினைத்தால் கோபம்கூட வருவதில்லை, அலுப்பாக இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஐந்தாம் வகுப்பு ஏறிய வருடத்து வெயில் காலத்தை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரு நீளமான கூடம். பெரிய வகுப்புகளுக்கு ஒரே டீச்சர். ஹட்டனிலிருந்து வருவார். சிவனொளிபாத மலை ஏற நல்லதண்ணிக்குப் போகிறவர்களால் நிரம்பி வழியும் சீசன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, எங்கள் சந்தியில் சேலையைச் சரிசெய்தபடி இறங்குவார். நல்ல டீச்சர்தான். எங்களைப் படிக்கவைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்மையாகவே இருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சை உண்டு. அதில் பாஸ் பண்ணினால் டவுனில் விடுதியோடு இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் சேரலாம். எங்கள் தோட்டத்திலிருந்து அதுவரை யாரும் போனதில்லை. தேறும் என்று தோன்றுகிற பிள்ளைகளின் பேரை மட்டும் டீச்சர் அனுப்புவார். நாலாம் வகுப்பு முடியும்போதே என்னையும் என் தோழியையும் காட்டி, "இந்த ரெண்டும் போகும்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை அம்மா பீலியடியில் எத்தனை பேரிடம் சொன்னாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஒருநாள் காலை டீச்சர் பெண்பிள்ளைகளை வெளியே வெயிலில் வரிசையாக நிறுத்தினார். கை படாமல், இரண்டு பென்சிலால் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது. ஒரு புத்தகத்தை மூன்று பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டு படிக்கிற பள்ளிக்கூடத்தில் பேன் ஒரு தலையோடு நிற்குமா? பள்ளிக்கூடத்தில் கை கழுவக்கூடத் தண்ணீர் கிடையாது. அதெல்லாம் டீச்சருக்குத் தோன்றவில்லை.

"முடிய வெட்டிட்டு வாங்க. இல்லாட்டி சுத்தமாகிற வரைக்கும் வீட்டுலயே இருங்க" என்றார்.

அன்று சாயங்காலமே மேட்டு லயத்தில் என் தோழியின் அப்பா அவளைப் பலகையில் உட்காரவைத்து ஒட்ட வெட்டிவிட்டார். அவள் கத்திய கத்தல் எங்கள் லயம்வரை கேட்டது. எங்கள் சனத்தில் பெண்பிள்ளை தலையில் கத்தரி வைப்பது சின்ன விஷயம் இல்லை. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு குழந்தையில் முடி இறக்கினால் சரி. அதற்குப் பிறகு ஒரு பெண்ணின் தலையில் கத்தரி பட்டால் ஒன்று நோய், இல்லையென்றால் ஏதோ கேவலம் என்றுதான் அர்த்தம். பீலியடியில் எல்லோரும் தோழியின் அம்மாவைத் திட்டினார்கள். "பெத்தவளா அவ" என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

அம்மா என்னை உள்ளே இழுத்து என் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டாள். முழங்கை தாண்டித் தொங்குகிற பின்னல். "எம்புள்ள தலையில கத்தரி படாது" என்றாள்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். வயசான தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி இறக்குவதுதான் அவருக்கு வேலை. அவருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே படவில்லை.

"வெட்டி விடு. கவ்வாத்து வெட்டின செடிதான் நல்லாத் துளுக்கும்" என்றார்.

"எம்புள்ள என்ன தேயிலைச் செடியா?"

"படிக்கிற புள்ள. பள்ளிக்கூடம் விட்டுப் போகுதுல்ல."

"பள்ளிக்கூடத்துக்குத்தான் நானும் சொல்றேன். பாஸ் பண்ணி டவுனுக்குப் போகப் போறவ. மொட்டத் தலையோட போயி நின்னா அங்க உள்ள புள்ளைங்க என்னன்னு நெனைக்கும்? லயத்துல இருந்து பேன் தலையோட வந்திருக்குன்னுதானே? கொஞ்ச நாளு. நான் வீட்டுலதான இருக்கேன். ஒண்ணு விடாம எடுத்துருவேன்."

அப்பா கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு தீட்டப் போய்விட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. படிப்பு வேண்டும், முடியும் வேண்டும், இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொள்ளலாம் என்று அம்மா நம்பினாள். அந்தப் பனியும் வெயிலும் முடிவதற்குள் என்னைச் சுத்தமாக்கி அனுப்பிவிடலாம் என்பது அவள் கணக்கு.

அடுத்த நாளிலிருந்து என் பள்ளிக்கூடம் லயத்து வாசல்தான். வெயில் ஏறியதும் அம்மா படங்கை விரிப்பாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற அதே சாக்கு. தேயிலை வாசமும் மண் வாசமும் அதில் எப்போதும் இருக்கும். என்னை முன்னால் உட்காரவைத்து, உருகிய எண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு வகிடு வகிடாகத் தேய்ப்பாள். பிறகு மரச்சீப்பு. இரண்டு பக்கமும் பல் வைத்த அந்தச் சீப்பு மண்டையில் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். வாரிக்கொண்டே அம்மா கதை சொல்வாள். பேன் கையில் சிக்கினால் கதை நிற்கும். நகத்தில் வைத்து நசுக்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்த கல்யாணங்கள், காமன் கூத்தில் அவளுடைய அண்ணன் வேஷம் கட்டி வசனம் மறந்து நின்றது, எல்லாம் அந்தப் படங்கின் மேல்தான் எனக்குத் தெரிந்தன. வேலை நாட்களில் அம்மா என்னிடம் "எழும்பு", "சாப்பிட்டியா", "படு" என்ற மூன்றுக்கு மேல் பேசியதில்லை.

தண்ணீர் பெரிய பாடு. மத்தியானத்தில்தான் தலைக்கு ஊற்ற முடியும். காலையில் ஊற்றினால் குளிரில் பல்லெல்லாம் கிட்டிவிடும், சாயங்காலம் ஊற்றினால் முடி காயாமல் நெஞ்சில் சளி கட்டும். பீலியில் மத்தியானம் தண்ணீரே இருக்காது. அம்மா விடியற்காலையில் போய்ப் பிடித்து வைத்த தண்ணீரில்தான் என் தலையை அலசினாள். அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி நான் அந்த மாதம் முழுவதும் பார்த்த ஞாபகம் இல்லை.

டவுன் கடைக்கார நானா வேப்பெண்ணெய் கொடுத்தார். "இத வச்சிட்டு நல்லா வெயில்ல இருக்கச் சொல்லுங்க தங்கச்சி. கண்ணுல மட்டும் பட்டுறக் கூடாது" என்றாராம். அதன் நாற்றத்துக்கு எங்கள் வீட்டுப் பூனைகூட என்னிடம் வரவில்லை. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா மண்ணெண்ணெய் நல்லது என்றாள். அதையும் அம்மா ஒருநாள் வைத்துப் பார்த்தாள். மண்டை தீயாக எரிந்து நான் துள்ளிக்கொண்டு ஓடினேன். அம்மா துரத்திப் பிடித்து, சோறு வடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் என் தலையில் கவிழ்த்தாள். காதுக்குப் பின்னால் கொப்புளம் கிளம்பியது. "பாவி நானு, பாவி நானு" என்று சொல்லிச் சொல்லி வாயால் ஊதிக்கொண்டே இருந்தாள். அன்று இராத்திரி எங்கள் வீட்டில் சோறு இல்லை.

காலையும் சாயங்காலமும் என் தோழி எங்கள் வாசல் வழியாகத்தான் போவாள். மொட்டைத் தலையில் கம்பளித் தொப்பி. பையன்கள் அந்தத் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். என்னைப் பார்த்து, "ஒங்கம்மா மாதிரி ஒரு அம்மா யாருக்குக் கெடைக்கும்" என்பார்கள். லயம் முழுக்க அவளைப் பாவம் என்றது, என்னைக் கொடுத்துவைத்தவள் என்றது. அவளுக்கு என் தலையிடம் பயம். படிக்குக் கீழேயே நின்று அன்றைக்கு என்ன பாடம் என்று கத்திச் சொல்வாள். பின்னக் கணக்கு நடந்த கிழமையில் அவளும் கத்திப் பார்த்தாள், எனக்கு விளங்கவில்லை. கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் இன்று ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். ஹட்டனில் மாடி வீடு. இந்த வயதிலும் முடி நன்றாக இருக்கிறது. கூந்தல் வீடியோக்களையெல்லாம் அவள்தான் எனக்கு அனுப்புகிறாள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எட்டாம் வகுப்போடு மலைக்குப் போனவள் நான். போனதும் வந்ததும் எல்லாம் எப்படியோ ஓடிவிட்டது.

டீச்சர் எங்கள் லயத்துக்கு வந்தது மாசி மாதக் கடைசியில். வெயிலில் நடந்து வந்து மூச்சு வாங்க நின்றார். அம்மா பதறிப்போய் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் படங்கின் மேல் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"வாங்க டீச்சர். தேத்தண்ணி போடட்டுங்களா?"

"வேணாம்மா. புள்ளைய இன்னும் அனுப்பலையே, அதான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பேன் போயிருச்சுங்க. ஈருதான் கொஞ்சம் கெடக்கு. இன்னும் ஒரு கிழம குடுங்க டீச்சர்."

டீச்சர் என் பக்கமாகக் குனிந்து பார்த்தார். "ஈர் இருந்தா திரும்பப் பொரிக்குமேம்மா. எதுக்கு இந்தப் பாடு? வெட்டிருங்க. முடிதானே, வளந்துரும்."

அம்மா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். வீட்டில் இருக்கிற நாளிலும் அவள் தலையில் துண்டு இருக்கும். கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் மாட்டியிருக்கும், அது உங்களுக்குத் தெரியும். வருடக்கணக்காக அந்தக் கயிறு இழுத்த இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு, காதிலிருந்து காதுவரை ஒரு முடி இல்லை. பாதை போட்ட மாதிரி மினுமினுவென்று கிடந்தது.

"இது வளரலைங்களே டீச்சர்" என்றாள்.

ஒரே காம்பராவில் வாழ்கிறவர்களுக்குள் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அம்மாவின் அந்தத் தலையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அம்மா என்றால் தலை அப்படித்தான் இருக்கும் என்று இருந்தேன். டீச்சர் பார்த்த பார்வையில்தான் அது என்னவென்று எனக்கு விளங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. டீச்சரை நினைத்தா, அம்மாவை நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டீச்சர் முக்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. "சரிம்மா. சீக்கிரம் அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அம்மா துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு அவரைப் படிவரை வழியனுப்பினாள். "நல்ல மனுசி. புரிஞ்சுக்கிட்டாங்க" என்றாள் என்னிடம்.

டீச்சர் சொல்லாமல் விட்டது என்னவென்று வெகுகாலம் கழித்துத் தோழி சொன்னாள். அன்று காலை வகுப்பில் அவர், பரீட்சைக்குப் பேர் அனுப்ப இந்தக் கிழமைதான் கடைசி என்றும், வகுப்புக்கு வராத பிள்ளையின் பேரை அனுப்ப முடியாது என்றும், அதைச் சொல்லத்தான் எங்கள் வீட்டுக்குப் போவதாகவும் சொன்னாராம். அம்மாவின் தலையைப் பார்த்த பிறகு, வெட்டு என்று அழுத்திச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வெட்டாவிட்டால் என்ன போகும் என்பதையும் சேர்த்து விழுங்கிவிட்டார். இரக்கம்தான். அந்த இரக்கத்துக்குப் பதில் அவர் கடுகடுவென்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா அந்த நிமிடமே கத்தரியைத் தேடிப் போயிருப்பாள். எனக்குத் தெரியும், போயிருப்பாள்.

பங்குனியில் முதல் மழை விழுந்த பிறகுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். என் தலையில் ஒரு ஈர் இல்லை. அம்மா இரட்டைப் பின்னல் போட்டு, மடித்துக் கட்டி, சிவப்பு ரிப்பன் வைத்து அனுப்பினாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, இந்த முறை பென்சில் இல்லாமல், கையாலேயே முடியைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல முடி. அம்மா ரொம்பப் பாடுபட்டிருக்காங்க" என்றார். பிறகு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, "பேரெல்லாம் போயிருச்சும்மா. பின்னாடி போயி இரு" என்றார்.

பரீட்சைக்குப் பேர் போன என் தோழி முன்வாங்கில் இருந்தாள். அவள் தலையில் தொப்பி இல்லை. முள்ளு முள்ளாக முடி கிளம்பியிருந்தது.

மழைக்குச் செடியெல்லாம் துளிர்த்துவிட்டதால் அம்மா மலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். இருட்டும் நேரத்தில் நனைந்த படங்கோடு வந்தவள், கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்டாள்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"முடி நல்லாருக்குன்னாங்க. நீங்க ரொம்பப் பாடுபட்டிருக்கீங்கன்னாங்க."

அம்மா சிரித்தாள். அவ்வளவு களைப்பில் ஒரு மனுஷி அப்படிச் சிரிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. ஈரத் துணியோடு போய், தடுப்புச் சுவர் வழியாகப் பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவைக் கூப்பிட்டு, "டீச்சரே தடவிப் பாத்துச் சொன்னாங்களாம்" என்றாள். மிச்சத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவளுக்குப் பேசவே நேரம் இருக்கவில்லை.

பரீட்சை நாள் ஒரு சனிக்கிழமை. அம்மாவுக்கு அது எந்த நாள் என்று தெரியாது. அவளுக்கு நாள் தெரிந்ததெல்லாம் சம்பள நாளும் சாமி நாளும்தான். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடுவதற்கு முன் வழக்கம்போல என்னை வாசலில் உட்காரவைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்ட டீச்சர் கீழ்ப்பாதையில் போனார். பின்னால் வெள்ளைக் கவுனில் என் தோழி, கையில் புதுப் பென்சில். அவளுடைய அம்மா சோற்றுப் பொட்டலத்தோடு கூடவே ஓடினாள்.

"அது எங்க போகுது?"

"பரீட்சைக்கும்மா."

அம்மாவின் கை என் தலையில் அப்படியே நின்றது.

"நீ?"

"என் பேரு போகலம்மா. நான் போறதுக்கு முன்னயே அனுப்பிட்டாங்களாம்."

அம்மா பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். உடனே ரிப்பனை உருவி, பின்னலை அடிவரை பிரித்தாள். "கோணலாப் போச்சு" என்றாள். திரும்பவும் வகிடு எடுத்தாள், திரும்பவும் பின்னினாள், திரும்பவும் பிரித்தாள். சந்தியில் பஸ் வந்து நின்று, புறப்பட்டு, வளைவில் சத்தம் மறைந்தது. பெரட்டுக்குத் தப்பு அடித்துவிட்டார்கள். பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "வரலையா, நேரமாச்சு" என்று கூப்பிட்டாள். அம்மா என் முடியைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.